பிடிப்பும் தேய்மானமும்: கழுத்து, முதுகு வலிக்கான அறுவையற்ற மருத்துவம் குறித்த தமிழ்ச் சொல்லாடல் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கழுத்து வலிக்கும் முதுகு வலிக்கும் அறுவையின்றிச் செய்யப்படும் மருத்துவம் குறித்துச் சித்த மருத்துவ நூல்கள், பட்டமேற்படிப்பு ஆய்வேடுகள், மக்களுக்கான நலவாழ்வு நூல்கள், இதழ்க் கட்டுரைகள் எனப் பலவகை எழுத்துகள் தமிழில் உள்ளன. இவ்வெழுத்துகள் நோய்க்கு இடும் பெயர்களை இக்கட்டுரை திறனாய்வுக்கு உட்படுத்துகிறது. ‘பிடிப்பு’, ‘சுளுக்கு’ முதலிய மக்கள் வழக்குச் சொற்கள் மீளக்கூடிய நிலையைச் சுட்டுகின்றன. படப் பரிசோதனையின் வழியாகப் பரவிய ‘தேய்மானம்’ என்னும் சொல் மீளாத நிலையைச் சுட்டுகிறது. சித்த நூல்களின் வாதநோய்ப் பெயர்களைப் படம் காட்டும் நோய்ப்பெயர்களோடு சமப்படுத்தும் இக்கால எழுத்துமுறை, அந்நூல்களின் குறிகுண விளக்கத்தை மறைத்துவிடுகிறது. பெயர் நோயாளியின் நடத்தையை மாற்றவல்லது என்பதால் இச்சிக்கல் சொல்லாராய்ச்சிக்குள் மட்டும் அடங்குவதன்று என்பதும் பெரம்பலூர் மாவட்டம் லப்பைக்குடிக்காட்டின் மொழிச்சூழலை முன்வைத்து நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: முதுகு வலி, கழுத்து வலி, புற மருத்துவம், சகனவாதம், தண்டகவாதம், தேய்மானம், பிடிப்பு, ஹிஜாமா, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

உலகில் மனிதரை மிகுதியாக முடக்கும் உடல்நலக் குறைகளுள் இடுப்பு வலி முதலிடத்தில் வைத்து எண்ணப்படுகிறது. 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் இதனால் துன்புற்றனர் என்றும், 2050இல் அவ்வெண்ணிக்கை 84.3 கோடியாக உயரக்கூடும் என்றும் உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டுள்ளது. கழுத்து வலிக்கு உள்ளானோர் அதே 2020இல் ஏறத்தாழ 20.3 கோடிப் பேர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு அறுவை மருத்துவம் தேவையில்லை என்பதில் இன்றைய மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி நூல், நாட்பட்ட இடுப்பு வலிக்கான அறுவையற்ற மருத்துவம் ஒன்றையே பொருளாகக் கொண்டதாகும்.

மருத்துவம் என்ன செய்கிறது என்பதைப் போலவே, அது தன் செயலை எச்சொல்லால் சொல்கிறது என்பதும் ஆராயத்தக்கது. தமிழில் மருத்துவ எழுத்து குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் சுவடிப் பதிப்பு, மூலிகைப் பெயர்கள், கலைச்சொல் வரலாறு ஆகியவற்றில் நிற்கின்றன. வலிக்கு இடப்படும் பெயர் வலியுடையவரை என்ன செய்கிறது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவ முறைகளுள் எது சிறந்தது எனத் தீர்ப்புரைப்பது இதன் நோக்கமன்று.

களமும் மூன்று சொற்றொகுதிகளும்

லப்பைக்குடிக்காடு, பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்தில், வெள்ளாற்றை ஒட்டி அமைந்த பேரூர். ஊர்ப்பெயரே இங்குள்ள தமிழ் முஸ்லிம் குடியிருப்பின் வரலாற்றைத் தாங்கி நிற்கிறது. வளைகுடா நாடுகளுக்கும் பிற நாடுகளுக்கும் பணிக்குச் சென்றோர் மிகுந்த ஊர் இது. சுற்றியுள்ள சிற்றூர்களோ மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரிப் பகுதிகள். வெங்காய நடவும் களையெடுப்பும் பருத்தி பறிப்பும் பெரும்பாலும் பெண்களின் வேலை. இவை யாவும் குனிந்த முதுகோடு நாள் முழுதும் செய்யப்படுபவை. அயல்நாடுகளில் ஓட்டுநராகவும் சுமை தூக்குபவராகவும் கட்டுமானத் தொழிலாளராகவும் இருப்போர்க்கும் முதுகே முதற்கருவி. ஆகவே முதுகு வலி இப்பகுதியில் அன்றாடப் பேச்சின் பொருள்.

இத்தகைய ஊரில் முதுகு வலியைச் சொல்ல மூன்று சொற்றொகுதிகள் ஒருங்கே கிடைக்கின்றன. முதலாவது, பிடிப்பு, சுளுக்கு, வாயு, நரம்பு இழுத்தல் என வரும் தமிழ் மக்கள் வழக்கும் அதனோடு உறவுடைய சித்த மருத்துவச் சொற்களும். இரண்டாவது, ஹிஜாமா முதலாக யூனானி, நபிவழி மருத்துவம் ஆகியவற்றோடு வரும் அரபுச் சொற்கள். மூன்றாவது, பெரம்பலூருக்கோ திருச்சிக்கோ சென்று ஸ்கேன் எடுத்து வருவோர் உடன் கொண்டுவரும் டிஸ்க், பல்ஜ், தேய்மானம், ஜவ்வு விலகல் என்னும் சொற்கள். ஒருவரே காலையில் ஒரு தொகுதியிலும் மாலையில் மற்றொரு தொகுதியிலும் தம் வலியைச் சொல்லக்கூடும். இம்மூன்றும் கூடும் இடம் என்பதனாலேயே இவ்வூர் இக்கட்டுரைக்குக் களமாகிறது. இனிக் காட்டப்படும் மக்கள் வழக்குகள் இவ்வூர்க்கே உரியன அல்ல. தமிழகத்தின் பல பகுதிகளுக்கும் பொதுவானவை.

பிடித்தது விடும்: மக்கள் வழக்கின் வினைகள்

‘இடுப்பு பிடித்துக்கொண்டது’, ‘கழுத்து சுளுக்கிக்கொண்டது’, ‘வாயு பிடிப்பு’ ஆகிய தொடர்களின் இலக்கண அமைப்பு நோக்கத்தக்கது. இவை அனைத்தும் வினையை அடியாகக் கொண்டவை. பிடித்தல் என்னும் வினைக்கு எதிர்வினை விடுதல். ‘பிடிப்பு விட்டது’ என்பது வழக்கு. சுளுக்கு ‘எடுக்கப்படுகிறது’ அல்லது ‘வழித்துவிடப்படுகிறது’. இச்சொற்கள் நோயை ஒரு நிகழ்வாகக் காண்கின்றன. உடலின் நிலைத்த பண்பாகக் காண்பதில்லை. நேற்று வந்தது நாளை போகும் என்னும் கால உணர்வு அவற்றின் வினையிலேயே அமைந்துள்ளது.

இச்சொற்களோடு இணைந்த மருத்துவமும் அவ்வாறே அமைந்தது. எண்ணெயிட்டு நீவுதல், தவிட்டையோ மணலையோ வறுத்துத் துணியில் கட்டி ஒற்றடமிடுதல், நொச்சித் தழையிட்ட வெந்நீர் ஊற்றுதல் ஆகியன வலியைத் தளர்த்திக் காலம் கடக்க உதவுகின்றன. காலால் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்னும் நம்பிக்கையும் இவ்வரிசையில் வைக்கத்தக்கதே. திடீரென வரும் இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும் இயல்பினது. எனவே இறுதியாகச் செய்த மருத்துவம் எதுவோ அதற்குப் புகழ் சேர்கிறது. மிதித்தவருக்கும், நீவியவருக்கும், ஊசி போட்டவருக்கும், மாத்திரை கொடுத்தவருக்கும் இது பொருந்தும். மக்கள் வழக்கின் விளக்கம் பிழையாக இருப்பினும், ‘விட்டுவிடும்’ என்னும் அதன் முன்கணிப்பு பெரும்பாலும் சரியாகவே அமைந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

மக்கள் வழக்கிலுள்ள ‘நரம்பு’ என்னும் சொல்லும் தனித்து நோக்கத்தக்கது. யாழின் தந்தி, குருதிக்குழாய், தசைநாண், உணர்வுநரம்பு ஆகிய பலவற்றையும் தமிழ் இச்சொல்லால் குறித்து வந்துள்ளது. ‘நரம்பு இழுத்துக்கொண்டது’ என ஒருவர் கூறும்போது அவர் கருதுவது பெரும்பாலும் தசை இறுக்கமே. இக்கால மருத்துவ நூல்களில் இச்சொல் உணர்வுநரம்பு என்னும் ஒரு பொருளுக்கே உரியதாகிவிட்டது. ‘நரம்பு பாதிக்கப்பட்டுள்ளது’ என்னும் அச்சுத் தொடரைத் தசை இறுக்கம் உடையவர் படிக்கும்போது பொருள் திரிந்து அச்சமாகிறது. ஒரே சொல் இரு துறைகளில் இரு பொருள் தருவதை உரைக்காமல் எழுதுவது நலவாழ்வு எழுத்துகளில் பரவலாகக் காணப்படும் குறை.

தேய்ந்தது வளராது: படத்தின் மொழி

எக்ஸ் கதிர்கள் 1895இல் கண்டறியப்பட்டன. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலுக்கு வலி பரவும் என்பதை மிக்ஸ்டர், பார் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 1934இல் விளக்கி, அறுவை வழியாக அதனை நீக்கிக் காட்டினர். அதன்பின் முதுகு வலியின் காரணம் வட்டில் தேடப்பட்டது. எம்.ஆர்.ஐ. பரிசோதனை பரவியபோது அத்தேடல் படமாகவே நோயாளியின் கைக்கு வந்தது. தமிழில் அப்படத்துக்கு வாய்த்த சொற்கள் தேய்மானமும் விலகலும்.

‘தேய்மானம்’ தமிழர் வாழ்வில் முன்பே பொருள் நிரம்பிய சொல். வண்டிச் சக்கரம் தேயும், செருப்பு தேயும், கணக்கியலில் எந்திரத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதற்கும் தேய்மானம் என்றே பெயர். இவ்விடங்கள் அனைத்திலும் பொதுவான கருத்துகள் இரண்டு. பயன்படுத்துவதால் தேய்கிறது, தேய்ந்தது மீண்டும் வளராது. இவ்விரு கருத்துகளும் சொல்லோடு முதுகெலும்புக்கு வந்து சேர்கின்றன. தம் முதுகெலும்பு தேய்ந்துள்ளது என அறிந்தவர், இனிமேலும் தேயாதிருக்க அசையாதிருத்தலே அறிவுடைமை எனக் கருதுவது மொழியின்படி முற்றிலும் முறையான முடிவு. மருத்துவத்தின்படி அதுவே தவறான முடிவு. 1995இல் ஹெல்சிங்கி நகராட்சிப் பணியாளரிடையே நிகழ்த்தப்பட்ட ஆய்வில், திடீர் இடுப்பு வலிக்குப் படுக்கையில் ஓய்வு கொண்டோரைவிட, வலி இடங்கொடுக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தோர் விரைவில் தேறினர். அசைவு மருந்தாகும் நோய்க்கு அசைவை அஞ்சவைக்கும் பெயர் வாய்த்திருப்பது முரண்.

பெயர் சுட்டும் மாற்றங்கள் நோயைத்தான் காட்டுகின்றனவா என்பதும் வினாவுக்குரியது. முதுகு வலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த மதிப்பாய்வு, இருபது வயதினரில் 37 விழுக்காட்டினர்க்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினர்க்கும் வட்டுச் சிதைவு காணப்பட்டதாகக் கூறுகிறது. வட்டுப் புடைப்பு இருபது வயதினரில் 30 விழுக்காட்டினரிடமும் எண்பது வயதினரில் 84 விழுக்காட்டினரிடமும் இருந்தது. இவர்கள் யாவரும் வலியற்றவர்கள். நரையும் திரையும் போல வயதோடு வரும் மாற்றங்களே இவற்றுள் பெரும்பாலானவை. நரைத்த தலையை ‘முடித் தேய்மானம்’ என எவரும் அழைப்பதில்லை.

‘விலகல்’, ‘நழுவல்’ ஆகிய சொற்கள் வேறொரு பிழையைச் செய்கின்றன. முள்ளெலும்பிடை வட்டு மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு உறுதியாகப் பிணைந்தது. தட்டு நழுவுவதுபோல் நழுவுவதில்லை. அதன் ஓரம் புடைக்கலாம்; உள்ளீடு பிதுங்கி வெளிவரலாம். அவ்வாறு பிதுங்கிய பகுதியைச் சில மாதங்களில் உடல் தானே கரைத்துக்கொள்வதும் உண்டு. ‘விலகியது’ எனச் சொன்னவுடன் ‘உள்ளே தள்ளிவிடலாம்’ என்னும் கருத்து தானே பிறக்கிறது. விலகியதை ஒரே அழுத்தில் ஏற்றிவிடுவதாகக் கூறும் விளம்பரங்கள் இச்சொல்லின் மேல்தான் கட்டப்பட்டுள்ளன. ‘ஜவ்வு’ என்பதோ முழங்கால் குறுத்தெலும்பையும் முதுகு வட்டையும் ஒருசேரக் குறித்து, இரண்டையும் ஒரே நோய்போல் ஆக்கிவிடுகிறது.

சொல் இவ்வளவு வலிமை உடையதா என ஐயுறலாம். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை வல்லுநர் எஸ். ராஜசேகரனும் அவர்தம் குழுவினரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு இவ்வையத்துக்கு நேர்விடையாகும். நாட்பட்ட இடுப்பு வலியுடைய 44 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர்க்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உள்ளவாறே விளக்கம் தரப்பட்டது. மற்றக் குழுவினர்க்கு, படத்தில் காணப்படுபவை இயல்பான மாற்றங்களே என்று உறுதி கூறப்பட்டது. இரு குழுவினர்க்கும் தரப்பட்ட அறுவையற்ற மருத்துவம் ஒன்றே. ஆறு வாரங்களுக்குப் பின் நோக்கியபோது, அறிக்கையை உள்ளவாறே கேட்டவர்களிடம் தம் முதுகைப் பற்றிய அச்சம் மிகுந்திருந்தது, வலி குறைந்ததும் குறைவு, செயல்திறனும் தாழ்ந்திருந்தது. அறிக்கையின் சொல்நடையை மாற்றி எழுதியபோது மருத்துவர்களே நோயைக் குறைந்த கடுமையுடையதாக மதிப்பிட்டனர் என்பதும், அறுவையை நோக்கிய சாய்வு குறைந்தது என்பதும் அவ்வாய்வின் மற்றொரு முடிவு. அறுவை வல்லுநர்களே முன்வந்து செய்த ஆய்வு என்பதால் இதன் மதிப்பு மிகுகிறது. மருந்து மாறாமல் சொல் மட்டும் மாறியபோதே விளைவு மாறியது. ஆங்கில அறிக்கையின் சொற்களுக்கே இவ்வாற்றல் உண்டெனின், அவற்றைத் தமிழாக்கும்போது நாம் தேரும் சொற்களுக்கும் அப்பொறுப்பு உண்டு.

சமக்குறியின் சிக்கல்: சகனவாதமும் தண்டகவாதமும்

யூகி வைத்திய சிந்தாமணி வாதநோய்களை 80 எனப் பகுக்கிறது. அவற்றுள் சகனவாதம் என்பதைக் கழுத்தெலும்புத் தேய்வாகவும், தண்டகவாதம் என்பதை இடுப்பெலும்புத் தேய்வாகவும் இக்காலச் சித்த மருத்துவ எழுத்துகள் கொள்கின்றன. பட்டமேற்படிப்பு ஆய்வேடுகளின் தலைப்புகளில் சித்தப் பெயரும், அதன் அருகே அடைப்புக்குறிக்குள் ஆங்கில நோய்ப்பெயரும் வருவது நிலைபெற்ற மரபாகிவிட்டது. அடைப்புக்குறி இங்குச் சமக்குறியாகச் செயல்படுகிறது.

இச்சமன்பாட்டில் காலம் பற்றிய முரண் ஒன்று உள்ளது. ‘ஸ்பாண்டிலோசிஸ்’ என்பது எலும்பிலும் வட்டிலும் காணப்படும் உருவ மாற்றத்தின் பெயர். உயிரோடுள்ள ஒருவரிடம் அதனைக் காணப் படம் வேண்டும். படம் இல்லாக் காலத்தில் இயற்றப்பட்ட நூல், கண்ணுக்கும் கைக்கும் நாடிக்கும் புலனாகும் குறிகுணங்களை மட்டுமே சொல்லியிருக்க முடியும். அவ்வாறே சொல்லியும் உள்ளது. சகனவாதத்தின் குறிகளாகக் கழுத்தின் கீழும் இரு கைகளிலும் வலியும் உளைச்சலும் கூறப்படுகின்றன. அவற்றோடு கண்ணெரிச்சல் போன்ற பிற குறிகளும் சேர்த்தே கூறப்படுகின்றன. சமன்பாட்டுக்குப் பின் கழுத்தும் கையும் ஆய்வேட்டில் நிலைக்கின்றன. எஞ்சிய குறிகள் பொருளற்ற மிகையாகிவிடுகின்றன. நூலாசிரியர் ஏன் அவற்றை ஒன்றாகத் தொகுத்தார் என்னும் வினா எழுவதே இல்லை.

தண்டகவாதத்தில் இச்சிக்கல் மேலும் வெளிப்படை. தண்டகம் என்பது கோலைக் குறிக்கும் தண்டம் என்னும் சொல்லை அடியாகக் கொண்டது. சரகர் மரபின் ஆயுர்வேத நூல்களில் தண்டகம் என்பது உடல் கோல்போல் விறைத்து அசைவற்றிருக்கும் நிலையின் பெயர். அப்பெயர் சுட்டுவது அசைவின் இழப்பை. எலும்பின் தேய்வை அன்று. தண்டு என்பது முதுகுத்தண்டை நினைவூட்டுவதால், ஒலியொப்புமை இச்சமன்பாட்டுக்குத் துணைபுரிந்திருத்தல் கூடும். விறைப்பு தளரக்கூடியது. தேய்வோ, முன்னர்க் கண்டவாறு, வளராதது. சமக்குறியின் ஒரு பக்கத்தில் மீளும் நிலையும் மறுபக்கத்தில் மீளா நிலையும் நிற்கின்றன. இரண்டும் சமமெனக் கொண்டபின், தேய்வை மருந்தால் வளர்த்துவிட்டதாக நிறுவ வேண்டிய கட்டாயம் சித்த மருத்துவ எழுத்துக்கு வந்து சேர்கிறது. நோயாளி வலி குறைந்து வயலுக்குத் திரும்பினார் என்பது போதுமான வெற்றி. படம் மாறவில்லை என்னும் காரணத்தால் அவ்வெற்றி ஐயத்துக்கு உள்ளாகிறது. தேவையற்ற இச்சுமையைச் சமன்பாடே ஏற்றியது.

நவீன மருத்துவம் இதற்குள் வேறொரு திசையில் நகர்ந்துவிட்டது என்பது இங்கு வியப்புக்குரியது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி, ‘நாட்பட்ட முதன்மை இடுப்பு வலி’ என்றே பெயரிடுகிறது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதும், வேறொரு நோயால் தெளிவாக விளக்கமுடியாததுமான வலி என்பதே அதன் பொருள். தேய்வோ விலகலோ அப்பெயரில் இல்லை. வலி தன் சொந்தப் பெயராலேயே அழைக்கப்படுகிறது. குறிகுணத்தால் பெயரிடும் பழைய முறைக்கு இது ஒருவகையில் அண்மையானது. நவீன மருத்துவம் மெல்லக் கைவிடும் ஒரு பெயரைத் தம் நூல்களுக்கு மதிப்புச் சேர்க்கும் சான்றாகச் சித்த எழுத்தாளர்கள் பற்றிக்கொண்டிருக்கின்றனர்.

சமன்பாடு வேண்டும், இல்லையேல் இரு மருத்துவத்தாரும் பேசிக்கொள்ள வழியில்லை என்னும் மறுப்பு எழக்கூடும். இம்மறுப்பு வலுவானதே. ஆயினும் ஒப்பிடுதல் வேறு, சமப்படுத்துதல் வேறு. 2024 ஜனவரியில் புதுதில்லியில் அறிமுகமான பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் மரபு மருத்துவப் பகுதி, ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகியவற்றின் நோய்நிலைகளுக்குத் தனிக் குறியீடுகளை அளிக்கிறது. ஒரே நோயாளிக்கு மரபுப் பெயருக்கான குறியீட்டையும் நவீனப் பெயருக்கான குறியீட்டையும் அருகருகே பதியலாம். ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு என்று கொள்ள வேண்டியதில்லை. தமிழ் ஆய்வேடுகள் பின்பற்றத்தக்க முறை இதுவே.

‘அறுவையற்ற’ என்னும் அடைமொழி

மக்கள் எழுத்துகளில் சித்த மருத்துவம் ‘அறுவையற்ற மருத்துவம்’ எனப் பெருமையோடு அறிமுகப்படுத்தப்படுகிறது. நூல்மரபு இதற்கு இடங்கொடுக்கவில்லை. சித்த மருத்துவம் அகமருந்து 32, புறமருந்து 32 எனப் பகுக்கிறது. புறமருந்துகளுள் கட்டு, பற்று, ஒற்றடம், வேது, பொட்டணம், தொக்கணம், முறிச்சல், கொம்பு கட்டல், அட்டை விடல் ஆகியவற்றோடு கீறல், சுட்டிகை, அறுவை ஆகியனவும் அடங்கும். அறுவையும் ஒற்றடமும் ஒரே பட்டியலின் உறுப்புகள். எதனை எப்போது கைக்கொள்வது என்பதே மருத்துவரின் தேர்வு. அறுவையை எதிர்ப்பக்கத்தில் நிறுத்தி அதற்கு மாற்றாகத் தன்னை வரையறுத்துக்கொள்வது, அறுவை மருத்துவமனைகளின் காலத்தில் பிறந்த விளம்பர நிலைப்பாடாகும்.

தொக்கணம் என்பதை ‘மசாஜ்’ எனச் சுருக்கும் வழக்கும் இத்தகையதே. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் எனத் தொக்கணம் ஒன்பது வகைப்படும். இவற்றுள் உடலைத் தளர்த்துவனவும் உண்டு. மூட்டை இயக்குவனவும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி, கல்வி, உடற்பயிற்சி, உளவியல் துணை ஆகியவற்றோடு கைவழி மருத்துவத்தையும் நீவுதலையும் ஏற்கத்தக்கனவாகக் கூறுகிறது. இடுப்புப் பட்டையையும் இழுவை மருத்துவத்தையும் வழக்கமாகக் கைக்கொள்ள வேண்டாம் என்கிறது. ஒன்பது வகைத் தொக்கணத்தில் எது எவ்வகை வலிக்கு எவ்வளவு பயன்தருகிறது எனத் தனித்தனியே ஆராய்வதற்குச் சொற்கள் நம்மிடம் ஆயத்தமாக உள்ளன. ‘மசாஜ்’ என்ற ஒரே சொல்லில் அவற்றைக் கரைத்தபின் அவ்வாய்வுக்கு இடமில்லை.

கொம்பும் குப்பியும்

லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் முதுகு வலிக்கு ஹிஜாமா செய்துகொள்வது சமய நம்பிக்கையோடும் இணைந்தது. தோலின் மேல் குப்பியைப் பொருத்திக் காற்றை வெளியேற்றி, சிறு கீறல்களின் வழியே குருதியை உறிஞ்சுதல் இதன் செய்முறை. யூனானியில் இது ‘இலாஜ் பித்தத்பீர்’ என்னும் ஒழுங்குமுறை மருத்துவத்தில் அடங்கும். சித்தப் பட்டியலின் கொம்பு கட்டல், உறிஞ்சல், குருதி வாங்கல் ஆகியன செய்முறையில் இதற்கு நெருங்கியவை. இவ்வொற்றுமை தமிழ் மருத்துவ எழுத்துகளில் உரிய இடம் பெறவில்லை. சித்த நூல்களைப் பற்றி எழுதுவோர் ஹிஜாமாவைக் குறிப்பதில்லை. ஹிஜாமாவைப் பற்றி எழுதுவோர் கொம்பு கட்டலைக் குறிப்பதில்லை. செய்முறை ஒன்றாக இருக்கப் பெயர்கள் மதிலாகிவிடுகின்றன.

கழுத்து, முதுகு வலிக்கு இம்முறை குறுகிய காலத்திற்கு வலியைக் குறைக்கலாம் என்பதற்குச் சில ஆய்வுகள் சான்றளிக்கின்றன. அவ்வாய்வுகளின் தரம் பெரும்பாலும் குறைவு என்பதையும் மதிப்பாய்வாளர்கள் சுட்டியுள்ளனர். ‘நச்சுக் குருதி வெளியேறுகிறது’ என்னும் தமிழ்த் தொடர் இச்சான்றின் எல்லையைக் கடந்தது. வெளியேறுவது தோலடிக் குருதியே. குருதி உறையாமைக்கு மருந்து உண்போர் இதனைத் தவிர்த்தலும், கத்தி முதலியவற்றை ஒருவருக்கு ஒன்றெனப் பயன்படுத்தலும் கட்டாயம். நம்பிக்கையை மதித்து எழுதுவோர்க்கு இவ்வெச்சரிக்கையைச் சேர்த்தெழுதும் கடமையும் உண்டு.

‘பிடிப்பு’ என்னும் சொல்லின் எல்லை

இதுவரை கூறியவற்றால் மக்கள் வழக்கே சிறந்தது என்னும் முடிவு பெறப்படுவதில்லை. ‘பிடிப்பு’ தரும் ஆறுதலே சிலரிடத்தில் கேடாகவும் முடியும். எல்லா வலியும் விட்டுவிடும் வலியன்று. முதுகெலும்புக் காசநோய் இந்தியாவில் இன்றும் உள்ளது. நாட்பட்ட முதுகு வலியோடு மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேருமாயின் அதனைப் பிடிப்பு என நீவுவது தவறு. சிறுநீர் அடைபடுதல் அல்லது கட்டுப்பாடின்றிப் பிரிதல், மலவாயைச் சூழ்ந்த பகுதி மரத்துப்போதல், கால்கள் வலுவிழத்தல் ஆகியவை தோன்றினால் சில மணி நேரமும் அரிது; அங்கு அறுவையே உறுப்பைக் காக்கும். விழுந்து அடிபட்டபின் வரும் வலியும், புற்றுநோய் உடையவர்க்கு வரும் புதிய வலியும் உடனே மருத்துவமனையை நாடத்தக்கன.

கையாளும் முறையிலும் எல்லை உண்டு. முடிதிருத்தகங்களில் கழுத்தைத் திடீரெனத் திருப்பி நெட்டி முறிக்கும் வழக்கம் இன்பம் தருவதாயினும், கழுத்துவழி மூளைக்குச் செல்லும் குருதிக்குழாயின் உட்சுவர் கிழிபட்டுப் பக்கவாதம் நேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. அரிதெனினும் மீளாதது. ‘விடும்’ என்னும் வினையை நம்பி விசையைக் கூட்டுவது அச்சொல்லின் தவறான பயன்பாடு.

மரபு நூல்கள் இவ்வெல்லையை அறியாதவை அல்ல. தீரும் நோய், தீரா நோய் என்னும் பகுப்பு சித்த மருத்துவத்தில் அடிப்படையானது. வர்ம நூல்கள் வர்மங்களை 12 படுவர்மம், 96 தொடுவர்மம் எனப் பிரித்து, படுவர்மத்தில் ஏற்படும் தாக்குதலுக்கு இளக்குமுறை செய்ய வேண்டிய கால எல்லையையும் கூறுகின்றன. எங்குக் கைவைக்கலாகாது என்பது கைவைக்கும் கலையின் பகுதியாகவே கற்பிக்கப்பட்டது. இன்றைய விளம்பர எழுத்தில் முதலில் மறைந்தது இப்பகுதியே. ‘எந்த நிலையிலும் அறுவையின்றி முழுக் குணம்’ என்னும் தொடரை மரபின் குரலாகக் கொள்ள முடியாது. மரபு அவ்வளவு உறுதியாகப் பேசியதில்லை.

முடிவுரை

கழுத்து, முதுகு வலிக்கான அறுவையற்ற மருத்துவத்தில் நோயாளியின் ஒத்துழைப்பே பெரும்பகுதி. அவர் நடக்க வேண்டும். பயிற்சி செய்ய வேண்டும். வலி சற்று இருக்கும்போதே வேலைக்குத் திரும்ப வேண்டும். ஊசிக்கும் மாத்திரைக்கும் நோயாளியின் நம்பிக்கை துணைக்காரணம். பயிற்சிக்கு அதுவே முதற்காரணம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை மருத்துவத்தை வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்துள்ளது. வாயிலில் வந்து நிற்பவர் ‘குனிந்து நிமிருங்கள்’ என்று கூறும்போது, உள்ளே இருப்பவர் ‘எலும்பு தேய்ந்திருக்கிறதே’ என்று அஞ்சுவாராயின் அத்திட்டத்தின் பயன் படலையோடு நின்றுவிடும்.

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் பரிந்துரைகள் மூன்று. முதலாவதாக, படத்தில் காணும் பொதுவான மாற்றங்களுக்குத் ‘தேய்மானம்’ என்பதை விடுத்து ‘வயதுசார் மாற்றம்’ என்றும், ‘ஜவ்வு விலகல்’ என்பதை விடுத்து ‘வட்டுப் புடைப்பு’, ‘வட்டுப் பிதுக்கம்’ என்றும் கலைச்சொல் தொகுப்புகளும் நலவாழ்வு நூல்களும் வழங்குதல் வேண்டும். இரண்டாவதாக, சித்த மருத்துவ ஆய்வேடுகள் நோய்ப்பெயருக்கு அருகே அடைப்புக்குறிப் பெயரிடுவதை விடுத்து, நூல் கூறும் குறிகுணங்களை முழுமையாகத் தந்து, நவீன நோய்நிலையோடு எவ்வெவ்விடத்தில் ஒத்தும் எவ்வெவ்விடத்தில் விலகியும் நிற்கிறது என விளக்குதல் வேண்டும். மூன்றாவதாக, அறுவையற்ற மருத்துவம் பற்றிய எந்தத் தமிழ் எழுத்தும், அம்மருத்துவம் செல்லாத இடங்களையும் சேர்த்துக் கூறினாலன்றி முழுமையுடையதாகக் கொள்ளப்படலாகாது.

மருத்துவர் செய்ய வேண்டியதை மருத்துவர் செய்வர். சொல்லைத் தேர்வது தமிழாய்வாளரின் பணி. வெள்ளாற்றங்கரையில் வெங்காயக் களையெடுக்கும் பெண்ணொருவர் தம் முதுகைப் பிடிப்புற்ற முதுகாக எண்ணுகிறாரா, தேய்ந்துபோன முதுகாக எண்ணுகிறாரா என்பதைப் பொறுத்து அவர் நாளை எழுந்து நடப்பதும் நடவாததும் அமையக்கூடும். அத்தேர்வில் நாம் அச்சிட்டுக் கொடுத்த சொல்லுக்கும் பங்குண்டு.